எத்தனை மீட்டர் எறிந்தாள்?

மாற்றுத்திறனாளிகளுக்கான குண்டு எறிதலில் ஜெயித்து வந்த இளம் பெண்ணுக்கு நடந்த பாராட்டு விழா வீடியோவை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எட்டு நிமிடம். சால்வை இருக்கிறது, ஷீல்டு இருக்கிறது, தொண்டை அடைக்கும் பேச்சு இருக்கிறது. அந்தப் பெண் குண்டை எத்தனை மீட்டர் எறிந்தாள் என்பது மட்டும் இல்லை. எந்தப் பிரிவு என்பதும் இல்லை. மேடைக்குச் சாய்தளம் கிடையாது என்பதால் நாலு பேர் சக்கர நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். அதற்குத்தான் பலத்த கைதட்டல்!

"ஊனத்தை வென்ற சிங்கப்பெண்" என்று பேனர் வேறு. ஐயா, ஊனம் அப்படியேதான் இருக்கிறது. அவள் வென்றது கூடப் போட்டியிட்ட மற்ற வீராங்கனைகளை.

இந்தப் போட்டிகளில் உடற்குறைபாட்டைப் பொறுத்துப் பிரிவுகள் உண்டு. எஃப்51 முதல் எஃப்57 வரையிலான பிரிவுகளில் உள்ளவர்கள் உட்கார்ந்து எறிகிறவர்கள். அன்றாடச் சக்கர நாற்காலியில் அல்ல, இதற்கென்றே செய்த சட்டகத்தில். மெத்தையோடு சேர்த்து இருக்கை 75 செ.மீ. உயரத்தைத் தாண்டக்கூடாது. சட்டகத்தைத் தரையோடு இழுத்துக் கட்ட வேண்டும். ஒரு கட்டு தளர்ந்தாலும் குண்டுக்குப் போக வேண்டிய விசை சட்டகத்தை ஆட்டுவதில் வீணாகும். தொடையையும் இடுப்பையும் நீளாத பட்டையால் கட்டுவார்கள். அது தளர்ந்தால் எறிகிற வேகத்தில் உடம்பு இருக்கையை விட்டு எழும்பும். சிவப்புக் கொடி, அந்த எறி போச்சு. ரொம்ப இறுக்கினால் உணர்ச்சியில்லாத காலில் தோல் புண்ணாகும், வலிக்காததால் அவளுக்கே தெரியாது. வளர்கிற வயதில் உடம்பு மாற மாற இந்த அளவையெல்லாம் திரும்பப் பார்க்க வேண்டும். பிளேடு எனப்படும் வளைந்த செயற்கைக் காலில் ஓடும் பிள்ளைகளுக்கும் இதே கதைதான்: எடை கூடினால் பழைய பிளேடு அளவுக்கு மீறி வளையும், காலைப் பொருத்தும் கிண்ணமான சாக்கெட் இறுகிக் கால் கொப்பளிக்கும்.

இதில் ஒரு வரியாவது அந்த மேடையில் வந்ததா? "விதி" என்ற சொல் மட்டும் நாலு முறை வந்தது.

"நல்லது செய்தாலும் குறை சொல்வீர்களா?" என்று கேட்பீர்கள். சொல்வேன். "பிரிவுகள் அதிகம், ஆள் குறைவு, பதக்கம் சுலபம்" என்று இன்னொரு கூட்டம் வரும். சில இளையோர் போட்டிகளில் ஆள் குறைவு என்பது உண்மைதான். குத்துச்சண்டையில் எடைப் பிரிவு வைத்தால் மட்டும் யாருக்கும் உறுத்துவதில்லை, அது ஏனோ.

கருணையில் கிடைக்கும் பதக்கம் என்று நினைப்பவர்கள் பாரிஸ் 2024 பாராலிம்பிக்கில் பார்வைக் குறைபாடு உள்ள மகளிர் ஓடிய டி12 பிரிவு மாரத்தானைத் தேடிப் பாருங்கள். ஸ்பெயினின் எலேனா காங்கோஸ்ட் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். எல்லைக்கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் வழித்துணை ஓட்டக்காரருக்குக் கால் பிடித்துக்கொண்டது. விழப்போனவரைத் தாங்க ஒரு நொடி இருவரையும் இணைக்கும் கயிற்றை விட்டார். அடுத்து வந்தவர் மூன்று நிமிடத்துக்கும் மேல் பின்னால். இருந்தும் தகுதிநீக்கம்! இவ்வளவு கறாரான களத்தில் ஜெயித்து வருகிற பிள்ளையைப் பார்த்து "பாவம்" என்கிறீர்கள்.

மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. பாரிஸில் 1.85, வெண்கலம். சொல்லி முடிக்க பத்து நொடிகூட ஆகாது. கிரிக்கெட் என்றால் ரன், பந்து, ஸ்ட்ரைக் ரேட் எல்லாம் தூக்கத்தில்கூடச் சொல்கிறோம். இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் கண்ணீர் போதும் என்று யார் முடிவு செய்தது?

பேசிய ஆறு பேரில் ஒருவர்கூட மைக்கை அவளிடம் நீட்டவில்லை. கடைசி நிமிடத்தில் பாருங்கள், அவள் ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள், அதற்குள் போட்டோவுக்குக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

விழா நடத்தியவர்கள் யாராவது இதைப் படித்தால், வீடியோவுக்குக் கீழே மூன்றே விவரம் சேருங்கள்: பிரிவு, குண்டின் எடை, தூரம். தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கத்தோடு.