பயன்படாத நண்பனை வெட்டிவிட வேண்டுமாம்

ஞாயிற்றுக்கிழமை நம் பழைய மாணவர் சந்திப்பில் நம் வகுப்புத் தோழர் ஒருவர் மேடையில் பேசியதை எல்லோரும் கேட்டீர்கள், வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதனால் முழுவதையும் திரும்ப எழுதவில்லை. பயன்படாத நட்பை வெட்டிவிட வேண்டுமாம், நாடுகளே அப்படித்தான் நடந்துகொள்கின்றனவாம். அவர் பேச்சைவிட அதற்கு நீங்கள் தட்டிய கைதட்டல்தான் எனக்கு வலித்தது.

ஆதாயம் பார்த்து வைத்துக்கொள்ளும் தொடர்புகள் எல்லோருக்கும் உண்டு. எனக்கும் உண்டு, அதில் தப்பே இல்லை. ஆனால் அதைக் கொண்டுவந்து நட்பின் இடத்தில் உட்கார வைக்காதீர்கள்.

நாடுகளுக்கு நிரந்தர நண்பர்கள் இல்லை, நலன்தான் நிரந்தரம் என்று மேற்கோள் வேறு. 1848இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டன் தன் நாடாளுமன்றத்தில் சொன்ன கருத்து அது. ஒரு பேரரசின் கொள்கையை நியாயப்படுத்த வேண்டிய பொறுப்பு அவருக்கு இருந்தது, சொன்னார். கூடப் படித்தவனை எப்படி நடத்துவது என்று முடிவு செய்ய அது எதற்கு?

சரி, நாடுகளையே எடுத்துக்கொள்வோம். 1890 செப்டம்பரில் எர்துருல் என்ற ஒட்டோமான் (அன்றைய துருக்கிப் பேரரசு) போர்க்கப்பல் ஜப்பானுக்கு நல்லெண்ணப் பயணம் வந்துவிட்டுத் திரும்பும்போது புயலில் சிக்கி, ஓஷிமா தீவருகே பாறையில் மோதி உடைந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தப்பியவர்கள் 69 பேர். அந்தத் தீவின் ஏழை மக்கள், மொழி தெரியாத, முன்பின் பார்த்திராத அந்த மனிதர்களைக் கரையேற்றி, தங்களிடம் இருந்த உணவையும் துணியையும் கொடுத்துக் காப்பாற்றினார்கள். பிறகு இரண்டு ஜப்பானியப் போர்க்கப்பல்கள் அவர்களை இஸ்தான்புல் வரை கொண்டுபோய்ச் சேர்த்தன. 1985 மார்ச், ஈரான் - ஈராக் போர். குறிப்பிட்ட கெடுவுக்குப் பிறகு ஈரான் வானில் பறக்கும் எந்த விமானத்தையும் சுடுவோம் என்று சதாம் உசேன் அறிவித்துவிட்டார். டெஹ்ரானில் மாட்டிக்கொண்ட ஜப்பானியர்களுக்குத் தங்கள் நாட்டு விமானம் வரவில்லை. இருநூறுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு வந்தது துருக்கி விமானம்.

துருக்கிக்கு ஜப்பானின் பணம் தேவைப்பட்டிருக்கும் என்று ஒருவர் உடனே வருவார், தெரியும். இருக்கட்டுமே. 1890இல் அந்தத் தீவுக்காரர்களுக்கு என்ன தேவை இருந்தது? அதை முதலில் சொல்லுங்கள், அப்புறம் பேசுவோம்.

கிரீஸும் துருக்கியும் 1996இல் மனிதர் வாழாத இரண்டு சின்னத் தீவுகளுக்காகப் போரின் விளிம்புவரை போனவர்கள். 1999 ஆகஸ்டில் துருக்கியில் பூகம்பம் வந்து பதினேழாயிரம் பேருக்கு மேல் இறந்தபோது கிரேக்க மீட்புக் குழு ஓடிவந்தது. அடுத்த மாதமே ஏதென்ஸில் பூகம்பம், இந்த முறை துருக்கிக் குழு அங்கே போனது. இரண்டு நாடுகளுக்கும் நடுவிலுள்ள ஏஜியன் கடல் தகராறு இன்னும் தீரவில்லையே என்றால், ஆமாம், தீரவில்லை. அதற்காக இடிபாட்டுக்குள்ளிருந்து மனிதரை இழுத்தெடுத்த கைகள் பொய்யாகிவிடுமா?

1939இல் ஜெர்மனியும் சோவியத்தும் நட்பு ஒப்பந்தமே போட்டு, 1941 ஜூனில் ஜெர்மனி படையெடுத்ததே என்றும் கேட்பீர்கள். நான் சொல்வதும் அதைத்தான். அங்கே நட்பு காகிதத்தில் இருந்தது, உள்ளே இருந்ததெல்லாம் போலந்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் கணக்கு. ஆதாயத்துக்காகச் சேர்ந்தவர்கள் ஆதாயம் முடிந்ததும் கடித்துக்கொண்டார்கள். இதைக் காட்டியா எனக்குப் பாடம் நடத்துகிறீர்கள்?

என் கதையும் உங்களில் பலருக்குத் தெரியும். வேலை போனபோது, அதுவரை தினமும் போன் பண்ணியவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, அவரவர் வேலை அவரவருக்கு. ஒருவன் மட்டும் வந்தான். அவனால் எனக்கு வேலை வாங்கித் தர முடியாது, பணமும் கிடையாது, அவர் பாணியில் சொன்னால் சுத்தமாகப் பயன்படாத நண்பன். மாலையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதிய விண்ணப்பங்களைப் படிப்பான், "இவ்வளவு கெஞ்சாதே, இந்த வரியை எடு" என்பான். நான் பேசாமல் இருந்தால் அவனும் பேசாமல் இருப்பான். வீட்டில்கூடச் சொல்ல முடியாத பயத்தை அவனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டான். பதிலுக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. நான் இன்று நிமிர்ந்து நடப்பதில் அந்த மாலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

எல்லோரையும் சுமந்துகொண்டே இருக்க முடியுமா, நச்சு மாதிரி நட்பும் உண்டே என்று கேட்பவர்களுக்கு: உங்களைக் காயப்படுத்துபவரிடமிருந்து விலகுங்கள், யார் தடுத்தது? அவர் சொன்னது அது இல்லை. கீழே விழுந்தவனை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். இரண்டையும் கலக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபம் வந்தாலும் பரவாயில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அவனும் நம் வகுப்புதான். இப்போது அவன் தொழில் நொடித்துப் போயிருக்கிறது. அந்தச் சந்திப்புக்கு அவனை ஏன் அழைக்கவில்லை என்று கேட்டதற்கு, "அவனுக்குத்தான் சங்கடமாக இருக்கும்" என்றார்கள். அவனிடம் கேட்டீர்களா? யாரும் கேட்கவில்லை. நம்மில் எத்தனை பேருக்குப் பரீட்சைக்கு முந்தைய இரவுகளில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன். மேடையில் நின்று பேசிய அவருக்கும்தான். அவன் இன்னும் அதே நம்பரில்தான் இருக்கிறான், அது உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. இந்தப் பதிவுக்குக் கீழே எனக்குப் பதில் எழுத வேண்டாம், அவனுக்குப் போன் பண்ணுங்கள்.