எடுத்துக்காட்டைப் படிக்க விடுங்களேன்!

பைத்தான் புரோகிராமில் ஒரு ஃபங்ஷனை எப்படிக் கூப்பிடுவது என்று பார்க்கத்தான் டாக்குமென்டேஷனைத் திறந்தேன். மூன்று வரி போதும். இருந்ததோ நாற்பது வரி! காலி லிஸ்ட் கொடுத்தால் என்ன, மைனஸ் எண் கொடுத்தால் எந்த எரர்... அத்தனையும் டெஸ்ட். எனக்கு வேண்டிய அந்த ஒரு வரி எங்கே?

விளக்கத்தில் இருக்கும் எடுத்துக்காட்டையே ஓட்டி, அவுட்புட் சரியாக வருகிறதா என்று சோதிக்கும் டாக்டெஸ்ட் பைத்தானில் 2001 முதலே இருக்கிறது, சரி. அதற்காக எல்லாவற்றையும் அதிலேயே திணிப்பதா? செட்டில் உள்ளவை வரும் வரிசை மாறும் என்று எடுத்துக்காட்டைச் சுற்றி, வரிசைப்படுத்த ஒரு சார்ட்டெட். மெமரி முகவரி மாறும் என்று பக்கத்திலேயே 'பிளஸ் எலிப்சிஸ்' என்றொரு கமென்ட், மூன்று புள்ளி வைத்த இடத்தில் எது வந்தாலும் ஏற்றுக்கொள் என்று டாக்டெஸ்ட்டுக்குச் சொல்ல. புதிதாகக் கற்க வருகிறவர் அதையும் சேர்த்துத்தானே காப்பி செய்வார்? அப்புறம் குழம்பி நின்றால் யார் பொறுப்பு? அவுட்புட்டில் ஒரு ஸ்பேஸ் கூடினாலும் டெஸ்ட் விழும். உடனே வளைவது என்னவோ விளக்கம்தான். டெஸ்ட்டுக்கென்று தனி ஃபைல் இருக்கிறதே, அங்கே எழுதினால் என்ன குறைந்துவிடும்?