கை உயர்த்தாதவர்கள் சார்பில்

அந்த மேடைப் பேச்சுக் காணொளியைப் பார்த்தவர்களுக்கு நான் திரும்பக் கதை சொல்லத் தேவையில்லை. பார்க்காதவர்கள் நிம்மதியாக இருங்கள். "2025இல் நினைத்ததை முடித்தவர்கள் கையை உயர்த்துங்கள்" என்று மேடையில் இருந்தவர் கேட்டார். நாலைந்து கைகள் எழுந்தன. மிச்சச் சனத்தைப் பார்த்து, "நீங்கள் ஒரு வருசத்தைத் தொலைத்துவிட்டீர்கள்" என்றார். அதற்குக் கைதட்டல் வேறு.

நான் கை உயர்த்தவில்லை. ஆனால் வருசத்தைத் தொலைக்கவும் இல்லை.

சிறுபோக நெல் விற்ற காசில் அம்மாவின் நகையை மீட்பதாக இருந்தோம். வெட்டுகிற நேரம் பார்த்து நெல் விலை விழுந்தது, காயவைக்க இடமில்லாமல் ஈரநெல்லாகவே கொடுத்தோம். நகை இன்னும் அடகில்தான். சரி, மாரிமழைக்கு விதைக்கிற காலபோகம் இருக்கிறது என்று விதைத்தோம். நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தன. கிளிநொச்சியில் எங்கள் கண்டாவளைப் பக்கம் வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் ஒரே தண்ணீர்.

தங்கச்சிக்கு நவம்பர் 10இல் உயர்தரப் பரீட்சை தொடங்கியது. புயலோடு இடையில் நிறுத்தினார்கள். மிச்சப் பாடங்களை 2026 ஜனவரி 12க்குத் தள்ளினார்கள். ஆக, மேடையில் பேசிய ஐயாவின் கணக்கில் அவளும் வருசத்தைத் தொலைத்தவள். புயலிடம் முதலே கேட்டுவிட்டு இலக்கு வைத்திருக்க வேண்டும், எங்கள் பிழைதான்!

"இலக்கு வேண்டாம் என்கிறாயா?" என்று கேட்பீர்கள். இலக்கில்லாமல் யார் கடன்பட்டு உழுவான்? "அவர் பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுத்தாரே." கொடுத்தார், நன்றி. "கெட்டதிலும் நல்லதைப் பார்க்கத்தானே சொன்னார்." இல்லை, அவர் அப்படிச் சொல்லவேயில்லை, திரும்பப் போட்டுக் கேளுங்கள். அப்படிச் சொல்லியிருந்தாலும் எனக்கு எரிந்திருக்கும். நாடு முழுக்க 600 பேருக்கு மேல் செத்த வெள்ளத்தை யாருக்கும் பாடமாக்க வேண்டாம்.

நல்லது என்று நான் சொல்வது வேறு. வரம்பை வெட்டினார் என்ற சண்டையில் எங்களோடு கனகாலம் கதைக்காத பக்கத்துக் காணிக்கார அண்ணை, வெள்ளம் வந்த இரவு உழவு இயந்திரத்தை இழுவைப் பெட்டியோடு கொண்டுவந்து, "அம்மாவை ஏத்தடா முதல்ல" என்றார். தண்ணீர் வடிந்த பிறகு இரண்டரை மாத நெல் விதையும் தந்தார், எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்கவில்லை. (வரம்புப் பிரச்சினை இன்னும் தீரவில்லை, அது வேறு கதை.) தண்ணீர் எந்த மூலையில் முதலில் வடிகிறது என்று அப்பா இந்த வருசம்தான் கண்ணால் பார்த்தார். மேட்டுத் துண்டில் பயிர் தப்பியிருக்கிறது. இதையெல்லாம் எந்தக் கையை உயர்த்திக் காட்டுவது?

நினைத்தது நடக்காத வருசம் தொலைந்த வருசம் என்றால், எங்கள் சனத்துக்கு எத்தனை வருசம் மிஞ்சும்? போர் முடிந்த 2009இல் எங்கள் வீட்டில் யார் என்ன இலக்கு வைத்தார்கள்? தங்கச்சி கதைக்கப் பழகியது மெனிக்பாம் அகதி முகாமில், தறப்பாளுக்குக் கீழேதான். தண்ணீர் வரிசையில் நின்ற பெண்கள் ஆளுக்கொரு சொல் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வருசத்தை அம்மா ஒருநாளும் நல்ல வருசம் என்று சொன்னதில்லை. வீண் என்றும் சொன்னதில்லை. அவள் சொல்லாததைச் சொல்ல, ஒலிவாங்கி கிடைத்த ஒருவருக்கு என்ன உரிமை?

கோபத்தில் எழுதுகிறேன் என்பீர்கள். ஓம், கோபம்தான். அந்த மண்டபத்தில் அப்பாவும் இருந்தார். உயர்த்தாமல் மடியில் வைத்திருந்த கையால், மரியாதைக்காக அவரும் கைதட்டினார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நட்பை நீக்குபவர்கள் தாராளமாக நீக்குங்கள். மறுவிதைப்புத் துண்டுக்கு நாளைக்கு உரம் போட வேண்டும், பதில் எழுத நேரமிருக்காது.