பெயின்ட் பளபளப்பை நம்ப வேண்டாம்
விக்டோரியா காலத்து ரயில் நடைமேம்பாலங்கள் ‘முழுக்க வார்ப்பிரும்பு’ (உருக்கி அச்சில் ஊற்றிய இரும்பு) என்று அவற்றின் பராமரிப்பு பற்றிய ஒரு கட்டுரை சொல்வது பலவற்றுக்குப் பொருந்தாது. பின்னல் கர்டர் (பட்டைகளைக் குறுக்கும் மறுக்குமாகச் சேர்த்த உத்தரம்) வைத்த பிரிட்டிஷ் பாலங்களில் தூணும் அலங்காரத் தாங்கியும்தான் பொதுவாக வார்ப்பு. கர்டர், தேனிரும்புப் (முறியாமல் வளையக்கூடிய இரும்பு) பட்டைகளை ரிவெட் ஆணி அடித்துச் சேர்த்தது. காரணம், வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும், இழுத்தால் சட்டென்று முறியும். 1847இல் செஸ்டர் அருகே டீ ஆற்று ரயில் பாலத்தின் வார்ப்பிரும்பு கர்டர் உடைந்து ஐந்து பேர் இறந்தார்கள். ‘பெயின்ட் அடித்தால் போதும்’ என்கிறார் அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர். போதாது. பட்டையும் பட்டையும் ஒட்டும் இடுக்கில் நீர் இறங்கி, துரு பல மடங்கு உப்பி, ரிவெட் தலையையே தெறிக்கவிடும். வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும். தூணில் விரிசல் என்றால் சூடேற்றாமல் சாதாரண வெல்டிங் வைக்கவே கூடாது, பக்கத்திலேயே புது விரிசல் ஓடும். விரிசலுக்குக் குறுக்கே துளையிட்டு உலோகச் சாவிகளை (இரு பக்கத்தையும் பிணைக்கும் துண்டுகள்) அடித்து இறுக்கும் குளிர்நிலைத் தையல்தான் சரி.