ஒப்பரேஷன் செய்த கண் திரும்ப மங்கினால், கிளினிக் திகதிக்குக் காத்திருக்காதீர்கள்

என் அம்மம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்த மறுகிழமை, தன் சேலை ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மண்ணிறம் என்று நினைத்து இவ்வளவு காலமும் உடுத்த சேலை. அது ஊதா. "இந்த நிறத்த எனக்கு ஆருமே சொல்லல்லியே மனே" என்றார். அந்தச் சந்தோஷம் இரண்டு வருடம் இருந்தது. அப்புறம் மெல்ல மெல்ல அதே கண்ணில் புகைமூட்டம்.

முதலில் எங்களுக்குத் தெரியவில்லை. அவரும் சொல்லவில்லை. சுளகில் அரிசி போட்டுக் கல் பொறுக்கும்போது முகத்தைக் குனிந்து குனிந்து சுளகுக்குள்ளேயே வைத்துவிடுவார். பிறகு பார்ப்பதை விட்டு விரலால் தடவிப் பொறுக்கத் தொடங்கினார். இரவில் பல்பைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்றார். வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். புரை திரும்ப வந்துவிட்டது, ஒப்பரேஷன் பிழைத்துவிட்டது, வைத்த லென்ஸ் கெட்டுப்போச்சு, வயசு போனால் இப்படித்தான். நானும் கடையில் ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டு இருந்துவிட்டேன். அவருடைய ஒரு வருடம் அப்படியே போனது. அதற்கு நான்தான் காரணம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எடுத்த புரை திரும்ப வராது. புரை என்பது கண்ணின் சொந்த லென்ஸ் மங்கிப்போவது. அந்த லென்ஸையே எடுத்த பிறகு வருவதற்கு இடமில்லை. லென்ஸ் கெட்டுப்போச்சு என்ற பேச்சும் அனேகமாகப் பிழை. இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த விமானக் கண்ணாடிப் பிளாஸ்டிக் துண்டுகள் கண்ணோடு பகைக்காமல் கிடந்ததைக் கவனித்துத்தான், லண்டனில் ஹரோல்ட் ரிட்லி என்ற கண் வைத்தியர் 1949 நவம்பரில் முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். வைத்த லென்ஸ் பொதுவாக ஆயுளுக்கும் கிடக்கும்.

அப்போ மங்குவது எது? தலையணையை நினைத்துப் பாருங்கள். பழுதான பஞ்சை எடுத்துவிட்டு அதே உறைக்குள் புதுப்பஞ்சு வைப்பது போலத்தான் இந்த ஒப்பரேஷன். கண் லென்ஸைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையின் முன்பக்கத்தில் வட்டமாகத் திறந்து புரையை எடுப்பார்கள். பின்பக்கத் தோலை விட்டுவைப்பார்கள். புது லென்ஸைத் தாங்க அது வேண்டும். அந்தத் தோலில் ஒட்டிக்கிடக்கும் சில பழைய கலங்கள் மாதங்கள், வருடங்கள் கழித்து வளர்ந்து படர்ந்தால் தோல் மங்கும். ஒப்பரேஷன் நன்றாக நடந்தவர்களுக்கும் இது வரும். இதில் டொக்டரின் பிழை ஒன்றும் இல்லை.

கடைசியில் கிளினிக்குக் கூட்டிப்போனோம். டொக்டர் மெஷினில் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பின்தோல் மங்கியிருக்கு, லேசர் அடித்தால் சரி என்றார். இவ்வளவுதான். லேசர் அன்று சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்தார்கள். வெட்டு இல்லை, தையல் இல்லை, கட்டும் இல்லை. மங்கிய தோலின் நடுவில் லேசரால் சின்ன வாசல் திறந்துவிட்டார்கள். சில நிமிடம். கண் அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பினார்கள். அன்று முழுவதும் கண் கூசியது. பூச்சி பறப்பது போல இருக்கு என்றார், அது சில நாளில் குறைந்தது. மறுநாள் காலை திண்ணையில் சுளகோடு இருந்தவரிடம் ஒன்றைக் காட்டிக் கல் என்றேன். நிமிர்ந்த தலையைக் குனியாமலே, "அது கல்லில்ல மனே, உமி" என்றார்.

ஆனால் எல்லா மங்கலும் இதுவல்ல. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சீனி வருத்தம் உள்ள ஒரு பெரியப்பாவுக்கு ஒப்பரேஷன் செய்து ஒரு மாதம் கழித்து நடுப்பார்வை மட்டும் மங்கியது. அது விழித்திரை நடுவில் வரும் வீக்கம். அதற்கு லேசர் வாசல் சரிவராது, மருந்து வேண்டும். சீனி உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூட. மின்னல் வெட்டுவது போலத் தெரிவது, திடீரென்று நிறையக் கறுப்புப் புள்ளிகள் மிதப்பது, ஒரு பக்கம் திரை இழுத்தது போல மறைவது என்றால் விழித்திரை கழன்றிருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும்.

அதிலும் பயங்கரம் முதல் நாட்களில் வரும் கிருமித் தொற்று. தெரிந்த மாமி ஒருவருக்கு ஒப்பரேஷன் செய்து நாலாம் நாள், வெள்ளிக்கிழமை இரவு கண் குத்தத் தொடங்கியது. சிவந்து, பார்வை குறைந்தது. திங்கட்கிழமை கிளினிக்தானே என்று பொறுத்திருந்தார். கண்ணுக்குள் கிருமி போனால் மணித்தியாலக் கணக்கு. அந்தக் கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு கிளினிக் திகதி தேவையில்லை என்று அவருக்கு ஆரும் சொல்லவில்லை.

இதுதான் என் ஆத்திரம். வீட்டுக்கு விடும்போது சொட்டு மருந்து எத்தனை தரம், தலை முழுகாதே, குனிந்து பாரம் தூக்காதே என்றெல்லாம் சொல்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து மங்கினால் வா, இரவு குத்தினால் உடனே வா என்று கிளினிக் கொப்பியில் தமிழில் பெரிய எழுத்தில் இரண்டு வரி எழுத எவ்வளவு நேரம் போகும்? ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறார்கள், அந்தக் களைப்பு எனக்குப் புரியும். அச்சடித்த ஒரு துண்டை ஒட்டினாலும் போதும்.

2023இல் நுவரெலியாவில் கண் ஒப்பரேஷன் செய்தவர்களுக்கு விட்ட சொட்டு மருந்தால் பார்வை பாதித்த செய்தி வந்த பிறகு, எங்கள் பக்கம் சிலர் மருந்தையே பாதியில் நிறுத்தினார்கள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தானாக நிறுத்தாமல் போத்தலோடு போய்க் கேளுங்கள்.

தூரமும் ஒரு காரணம்தான். 2014இல் மட்டக்களப்பு வாவியில் மண்முனைப் பாலம் திறந்த பிறகு, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வர மிதவைப் பாதைக்குக் காத்துக் கிடக்கும் பாடு குறைந்தது. ஆனாலும் கூலி வேலை செய்யும் மகனுக்குத் தாயைக் கூட்டிப்போனால் அன்றைய சம்பளம் இல்லை. அது தெரிந்துதான் பழசுகள் வாயே திறப்பதில்லை. நீங்களாகக் கேளுங்கள். ஒரு கண்ணைப் பொத்தி, மற்றக் கண்ணால் கலண்டரில் திகதி தெரிகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள்.

அம்மம்மாவின் இடது கண்ணுக்கு அடுத்த மாதம் ஒப்பரேஷன். கேட்க வேண்டியதையெல்லாம் கொப்பியின் பின் அட்டையில் எழுதிவிட்டேன். முதலாவது கேள்வி, இரவில் குத்தினால் எந்த வாசலால் வர வேண்டும் என்பது.