விவாகரத்தில் கைமாறும் பங்குகளுக்கு வரியே இல்லையா?

அமெரிக்காவில் விவாகரத்தின்போது பங்குகள் கைமாறினால் வரி கிடையாது, ஆகவே 10 லட்சம் டாலர் பங்கும் 10 லட்சம் டாலர் ரொக்கமும் ஒன்றுதான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி. இரண்டாவது பாதிதான் இடறுகிறது.

கூட்டாட்சி வரிச் சட்டத்தின் 1041ஆம் பிரிவு வரியை ரத்து செய்வதில்லை, தள்ளிப்போடுகிறது. பங்கோடு அதன் பழைய கொள்முதல் விலையும் சேர்ந்தே வரும். 2 லட்சத்துக்கு வாங்கிய பங்கு என்றால், விற்கும்போது 8 லட்சம் லாபமும் பங்கைப் பெற்றவரின் கணக்கில் ஏறும். உச்ச விகிதத்தில் இருப்பவருக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி 20%, நிகர முதலீட்டு வருமான வரி 3.8%, ஆக 1,90,400 டாலர் போய், நிற்பது 8,09,600. மாநில வரி தனி. (சந்தை மதிப்புக்கு அடக்கவிலை உயர்வது பொதுவாக இறந்தவரிடமிருந்து வரும் சொத்துக்கு. பலரும் குழம்புவது இங்கேதான்.)

சரிபார்க்க, ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) தளத்தில் பப்ளிகேஷன் 504ஐத் திறந்து சொத்து மாற்றம் பற்றிய பகுதியைப் படியுங்கள். பிறகு புரோக்கர் அறிக்கையில் ஒவ்வொரு லாட்டின் (ஒரே சமயத்தில் வாங்கிய பங்குத் தொகுதி) காஸ்ட் பேஸிஸையும் (அடக்கவிலை) வாங்கிய தேதியையும் பாருங்கள். பழைய லாட்டும் புதிய லாட்டும் ஒரே சந்தை விலையைத்தான் காட்டும். வரியிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்தப் பதிவுகளை, மாற்றித் தருபவர் கைமாற்றும் நேரத்திலேயே கொடுக்க வேண்டும் என்பது விதி. கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுவது நல்லது.