பிள்ளைகளிடமிருந்து இதை ஒளிக்க வேண்டாம்

எஸ்.இ.ஹின்டனின் ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலில் அடிதடி அதிகம், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவின் டல்சா நகரில், தன் பள்ளியில் கண்ட கோஷ்டிப் பகையை வைத்து 15 வயதில் இதை எழுத ஆரம்பித்தவர் ஹின்டன். 1967-இல் புத்தகம் வந்தபோது வயது 18. அதனால்தான் அதில் பெரியவர்களின் உபதேச வாடையே இல்லை.

மும்பை தாராவியில் 90 அடி சாலைப் பக்கம் டியூஷன் எடுக்கிறேன். எந்த ஏரியா என்று கேட்பவரின் முகம், தாராவி என்றதுமே மாறுவதை இந்தப் பிள்ளைகள் பார்த்து வளர்கிறார்கள். பாடப்புத்தகத்தையே தொடாத ஒன்பதாம் வகுப்புப் பையன், நாவலில் வரும் ஜானி என்ற பையன் சாகும் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, “இன்னொரு தடவை படிக்கட்டுமா மிஸ்?” என்றான். ரத்தம் இருக்கிறது, சரி. ஆனால் அப்பா அம்மாவை இழந்த மூன்று அண்ணன் தம்பிகள் பிரியாமல் இருக்கப் படும் பாடும் அதில்தானே இருக்கிறது? பள்ளி நூலகத்தில் இதைக் கட்டாயம் வைக்க வேண்டும்.